திரும்பி வந்த எடை: மறுபடி டயட்டா, ஊசியா, இன்னொரு ஆபரேஷனா?

எடை குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இப்போது மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையோர ஊர்களிலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் மதுரையில் செய்தவர்கள், சிலர் சென்னைக்குப் போனவர்கள். முதல் ஒன்றரை வருடம் அவர்கள் இளைத்ததை ஊரே ஆச்சரியமாகப் பார்த்தது. ஐந்தாறு வருடம் கழித்து போன எடையில் பாதி திரும்பி வந்ததும் கல்யாணம் காட்சிக்கு வருவதையே குறைத்துக்கொண்டார்கள். ஆபரேஷன் செய்த டாக்டரைப் போய்ப் பார்க்கவும் கூச்சம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திரும்பி வந்த எடையைக் குறைக்க இன்றைக்கு நாலு வழி இருக்கிறது. சாப்பாட்டை மறுபடி ஒழுங்குக்குக் கொண்டுவருவது, ஊசி மருந்து, எண்டோஸ்கோபி வழியாக உள்ளே தையல் போடுவது, மறு ஆபரேஷன். எந்த வழி எத்தனை கிலோ குறைக்கும் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். ராமேசுவரத்திலிருந்து மதுரைக்குச் சுமார் 170 கிலோமீட்டர். இங்கே உட்கார்ந்து முடிவெடுப்பவர்கள், எதை இரண்டு மூன்று வருடம் விடாமல் தொடர முடியும் என்ற கணக்கையும் சேர்த்தே போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில், எவ்வளவு ஏறினால் கவலைப்பட வேண்டும்? ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்றிலிருந்து இரண்டு வருடத்துக்குள் எடை அடிமட்டத்தைத் தொடும். அதன்பின் கொஞ்சம் ஏறுவது இயல்பு. சுவீடனில் ஆயிரக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவு 2007இல் வெளியானது. அதில் பைபாஸ் (இரைப்பையைச் சின்னப் பையாக்கி, அதை நேராகக் குடலோடு இணைக்கும் ஆபரேஷன்) செய்தவர்கள் முதல் ஓரிரு வருடத்தில் உடல் எடையில் சுமார் 32 சதவீதம் குறைந்தார்கள், பத்தாம் வருடம் 25 சதவீதத்தில் நின்றார்கள். அதாவது 100 கிலோவில் தொடங்கியவர் 68 வரை வந்து, பிறகு 75இல் நிற்கிறார். அவரைப் பார்த்து ‘ஆபரேஷன் வீண்’ என்று சொல்பவர்களுக்கு விஷயம் தெரியாது. அதையும் தாண்டி ஏறிக்கொண்டே போனாலோ, விட்டுப்போன சுகர், பி.பி., குறட்டை, மூட்டுவலி திரும்பி வந்தாலோ, அப்போது சும்மா இருக்கக் கூடாது.

எடை ஏறியதற்கு மனுஷரின் வாய்தான் காரணம் என்று நினைப்பது அநியாயம். இளைத்த உடம்பு பழைய எடைக்குப் போகவே பார்க்கும். பசியைக் கூட்டும், சக்தி செலவாவதைக் குறைத்துக்கொள்ளும். ஸ்லீவ் ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போவதால் ஆரம்பத்தில் பசியே தெரியாது. வருடம் போகப் போகப் பசி மெல்லத் திரும்பும். மிச்சம் விட்ட குழாய் போன்ற இரைப்பையும் கொஞ்சம் விரியும்.

வழியைத் தேடும் முன் காரணத்தைத் தேடுங்கள்

என் மதினி உச்சிப்புளியில் இருக்கிறார். ஸ்லீவ் செய்துகொண்டவர். “ஒரு கரண்டிச் சோறுதான் தம்பி போடுறேன், அதுக்கு மேல இறங்க மாட்டேங்குது. பிறகு எப்படி ஏறுது?” என்பார். அவர் சொன்னதில் பொய்யே இல்லை. சரி, காலையிலிருந்து வாயில் வைத்ததை எல்லாம் எழுதிப் பார்ப்போம் மதினி என்று ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தோம். காலையில் ஒன்றரை இட்லி. பதினோரு மணிக்கு டீயும் நாலு பிஸ்கட்டும். மத்தியானம் அந்த ஒரு கரண்டிச் சோறும் குழம்பும். தட்டில் வைத்த பாறை மீன் துண்டில் பாதி அப்படியே ஒதுங்கிக் கிடந்தது, நெஞ்சில் அடைக்கிறதாம். நாலு மணிக்கு முறுக்கு, கருப்பட்டிக் காப்பி. ராத்திரி இரண்டு இடியாப்பம், மேலே தேங்காய்ப்பால், சீனி. படுக்கும் முன் ஒரு டம்ளர் பால், அதிலும் சீனி.

இதில் எதுவும் அளவில் பெரிதில்லை. ஆனால் எல்லாமே வழுக்கிக்கொண்டு இறங்குகிற சாப்பாடு. மீன், முட்டை, கோழி, சுண்டல் போன்றவை சின்ன இரைப்பையில் தங்கி நிறைக்கும். நாலு வாயிலேயே போதும் என்றாகிவிடும். பிஸ்கட், முறுக்கு, கஞ்சி, பாயசம், ஐஸ்கிரீம், பதநீர், சர்பத் எல்லாம் கரைந்து உடனே கீழே போய்விடும், வயிறு நிறைந்ததே தெரியாது. ஆபரேஷன் செய்த இரைப்பை தடுப்பது அளவைத்தான். கரைந்து போகும் சீனியையும் எண்ணெயையும் அதால் தடுக்க முடியாது. சாப்பிடும்போதே தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கினாலும் இதே கதைதான்.

பைபாஸ் செய்தவர்களுக்கு வேறொரு காரணமும் உண்டு. இனிப்போ மாவோ சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை சட்டென்று கீழே விழும். கை நடுங்கும், வியர்க்கும், கண்ணை இருட்டும். பசி மயக்கம் என்று நினைத்து மறுபடி சீனி போட்ட டீயைக் குடிப்பார்கள், அது ஏறி மறுபடி விழும். இப்படியே நாள் முழுக்க எதையாவது கொறிக்கும்படி ஆகும். அந்த நேரத்தில் சுகர் மெஷினில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிடும்.

மருந்துகளையும் பார்க்க வேண்டும். இன்சுலின், கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரைகள், ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் தொடர்ந்து எடுக்கும் ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், வலிப்பு மருந்துகள் எடையை ஏற்றும். தைராய்டு குறைந்திருக்கலாம். குடி இன்னொன்று. பைபாஸுக்குப் பிறகு மது ரத்தத்தில் மிக வேகமாக ஏறும். முன்பு இல்லாத குடிப்பழக்கம் இரண்டாம் வருடத்துக்குப் பிறகு பிடித்துக்கொள்வதும் நடக்கிறது. இதை வீட்டில் மறைக்கலாம், டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

ஆகவே முதல் செலவு ரத்தப் பரிசோதனைக்கு. மூன்று மாதச் சராசரி சுகர், தைராய்டு, ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பு, பி12, வைட்டமின் டி, கால்சியம், ஆல்புமின். இதற்கு மதுரை போகத் தேவையில்லை, ராமநாதபுரத்திலேயே பார்க்கலாம். எடை கூடியவருக்குச் சத்துக் குறைவு இருக்காது என்று நினைக்காதீர்கள். மாத்திரையை நிறுத்திப் பல வருடம் ஆனவர்களுக்கு எடையும் ஏறியிருக்கும், ரத்தமும் குறைந்திருக்கும்.

சாப்பாட்டுக்குத் திரும்புவது

செலவு குறைந்த வழி. இங்கிருந்தே செய்யலாம், டயட்டீஷியனிடம் போனில் பேசிக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு. நம் கரையில் அது கஷ்டமே இல்லை. 100 கிராம் மீனில் 18 முதல் 20 கிராம் புரதம் இருக்கிறது. மத்தியானம் 150 கிராம் மீன், காலையில் இரண்டு முட்டை, சாயங்காலம் முறுக்குக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல், இடையில் தயிர், ராத்திரி கொஞ்சம் கணவாயோ கோழியோ. கணக்கு வந்துவிடும். மீன் நெஞ்சில் அடைக்கிறது என்பவர்கள் பொரித்ததை விட்டுவிட்டு குழம்பு மீனை நன்றாகப் பிசைந்து, சோற்றுக்கு முன்னால் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். பாறையும் சீலாவும் இறுகிய சதை. நகரையும் விளமீனும் லேசாக இறங்கும். தண்ணீரைச் சாப்பிட்டு அரைமணி கழித்துக் குடிக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு மீன் வராது, விலையும் ஏறும். அப்போது நாட்டுப்படகு மீனோடு முட்டையையும் பயறையும் கூட்டிக்கொள்ளலாம்.

நோன்பு மாதத்தில் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்தில் ஒரு சிக்கல் வரும். நோன்புக் கஞ்சியும் சர்பத்தும் வழுக்கி இறங்குகிற வகை. திறந்ததும் அதிலேயே நிறைத்துக்கொண்டால் புரதத்துக்கு இடமிருக்காது. பேரீச்சம்பழமும் தண்ணீருமாகத் திறந்து, அடுத்து முட்டையோ கறியோ எடுத்து, கஞ்சியைக் கடைசிக்குத் தள்ளுவது நல்லது. விடியலுக்கு முந்தைய ஸஹர் சாப்பாடு வரை தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும்.

ஐந்து நாள் வெறும் நீராகாரம் எடுத்தால் விரிந்த இரைப்பை மறுபடி சுருங்கிவிடும் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. அப்படிச் சுருங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்த ஐந்து நாளில் குறைவது பெரும்பாலும் நீர்தான்.

இந்த வழி எவ்வளவு கொடுக்கும் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். லண்டனில் ஆபரேஷனுக்குப் பிறகு போதிய அளவு குறையாத 70 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. எல்லாருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை கொடுத்தார்கள். அதில் ஒரு பகுதியினருக்கு மட்டும் லிராகுளுடைட் என்ற, பசியை அடக்கும் ஊசி, மற்றவர்களுக்குப் போலி ஊசி. 24 வாரம் கழித்து ஊசி போட்டவர்கள் 8.8 சதவீதம் குறைந்தார்கள். ஆலோசனை மட்டும் கிடைத்தவர்கள் அரை சதவீதம்தான் குறைந்தார்கள். ஆக, சாப்பாடு மட்டும் ஏற்றத்தை நிறுத்தலாம், சில கிலோ இறக்கலாம். மதினி மாதிரி தெளிவான காரணம் கையில் கிடைத்தவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். இருபது கிலோ ஏறியவரை ‘வாயைக் கட்டு’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது சரியான வைத்தியம் இல்லை.

ஊசி மருந்து

இப்போது எல்லாரும் கேட்பது இதைத்தான். வாரம் ஒரு ஊசி, வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். டிர்செபடைட் (மௌஞ்சாரோ) இந்தியாவுக்கு 2025 மார்ச்சில் வந்தது, எடைக்கான செமாகுளுடைட் (வெகோவி) அதே ஆண்டு ஜூனில் வந்தது. ஆபரேஷன் செய்யாதவர்களிடம் நடந்த பெரிய ஆய்வுகளில் செமாகுளுடைட் 68 வாரத்தில் சராசரியாகச் சுமார் 15 சதவீதமும், டிர்செபடைட் அதிக அளவில் 72 வாரத்தில் சுமார் 21 சதவீதமும் குறைத்தன. ஆபரேஷன் செய்தவர்களுக்கும் இந்த வகை மருந்து வேலை செய்கிறது என்பதற்கு மேலே சொன்ன லண்டன் ஆய்வே சாட்சி. பசியின் இரைச்சல் அடங்குவதால் சாப்பாட்டு ஒழுங்கைப் பிடிப்பதும் எளிதாகிறது. கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை. அந்த வகையில் மறு ஆபரேஷனுக்கு முன் இதை யோசிப்பதுதான் முறை என்பேன்.

ஆனால் காசு. மௌஞ்சாரோ வந்தபோது ஒரு வாரத்துக்கான 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். 5 மில்லிகிராமிலேயே நின்றாலும் வருடத்துக்கு இரண்டே கால் லட்சத்துக்கு மேல். செமாகுளுடைட்டின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். அதன்பின் உள்நாட்டுக் கம்பெனிகளும் தயாரிக்கலாம் என்பதால் அந்த மருந்தின் விலை இறங்க வழி உண்டு. விலையைவிட முக்கியமானது நிறுத்தினால் என்ன ஆகும் என்பது. செமாகுளுடைட்டை நிறுத்தியவர்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. மீன்பிடித் தொழிலில் வருமானம் மாதாமாதம் ஒரே மாதிரி வராது. தடைக்காலத்தில் கையில் காசு இருக்காது, ஊசி நிற்கும், ஜூன் கடைசியில் மறுபடி தொடங்கும். அப்படி விட்டு விட்டுப் போடுவதில் பலன் இல்லை. பல வாரம் விட்டவர் பழைய அளவிலேயே தொடங்கினால் வாந்தியும் பேதியும் புரட்டி எடுத்துவிடும். அளவைக் குறைத்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். வருடம் முழுக்கச் செலவைத் தாங்க முடியுமா என்று பார்த்துவிட்டு முதல் ஊசியைப் போடுங்கள்.

அப்புறம் நம் ஊர் வெயில். இந்த ஊசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். டிர்செபடைட் 30 டிகிரிக்குள் 21 நாள் வெளியே தாங்கும். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் பகலில் 30 டிகிரியைத் தாண்டிவிடும். மதுரையில் வாங்கிக்கொண்டு வருபவர்கள் மீன் ஐஸ் பெட்டியில் ஐஸ் மேலேயே வைத்துவிடுகிறார்கள். மருந்து உறைந்துவிட்டால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான், உருகிய பின் பார்க்க நன்றாக இருந்தாலும் போடக் கூடாது. துணியில் சுற்றி, ஐஸ் நேராகப் படாமல் கொண்டுவர வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜிலும் ஃப்ரீசருக்குப் பக்கத்தில் வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள்.

யாருக்கு ஆகாது என்பதும் முக்கியம். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்கள், கணைய அழற்சி வந்தவர்கள், கர்ப்பிணிகள், சீக்கிரம் குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டும். டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கலாம். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்களுக்கு அவற்றின் அளவைக் குறைக்காவிட்டால் சுகர் இறங்கிவிடும். பசியே இல்லை என்று புரதத்தையும் விட்டுவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். ஏற்கெனவே ஒருமுறை ஆபரேஷனில் தசை இழந்தவர்களுக்கு இது இரண்டாவது அடி. வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது எடை தூக்கும் பயிற்சி செய்யுங்கள், நிரம்பிய தண்ணீர் பாட்டில்களே போதும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தானே போட்டுக்கொள்வதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

எண்டோஸ்கோபித் தையல்

இது சிலருக்கு மட்டும் பொருந்தும். பைபாஸில் சின்ன இரைப்பைப் பைக்கும் குடலுக்கும் நடுவே உள்ள திறப்பு காலப்போக்கில் அகன்றுவிட்டால் சாப்பாடு நிற்காமல் கீழே ஓடிவிடும். வாய் வழியாகக் குழாயை விட்டு அந்தத் திறப்பைத் தைத்துக் குறுக்குகிறார்கள். வெட்டு இல்லை, சீக்கிரம் வீடு திரும்பலாம். உடல் எடையில் ஏழெட்டு முதல் பத்து சதவீதம் வரை குறையும். விரிந்த ஸ்லீவையும் இதே முறையில் உள்ளிருந்து தைக்க முடியும். பெரிய நகரங்களில் சில ஆஸ்பத்திரிகளில்தான் இந்த வசதியும் பழகிய கையும் இருக்கின்றன. எண்டோஸ்கோபி செய்து திறப்பு அகன்றிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே இதைப் பேச வேண்டும். திறப்பு சரியாக இருப்பவருக்குத் தையல் போட்டுப் பயனில்லை.

மறு ஆபரேஷன்

நெஞ்செரிச்சல் இருக்கிறதா என்பதுதான் இங்கே முதல் கேள்வி. ஸ்லீவ் செய்தவர்களுக்கு அமிலம் மேலே ஏறுவது அதிகம். பின்லாந்தில் பத்து வருடம் தொடர்ந்த ஆய்வில் ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு உணவுக்குழாயில் புண் இருந்தது, பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம் பேருக்கு. ராத்திரி படுத்தால் புளித்த நீர் தொண்டைக்கு வருகிறது, மாத்திரைக்கும் அடங்கவில்லை, எடையும் ஏறிவிட்டது என்றால் ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுவது நல்ல முடிவு. அங்கே எரிச்சல் தீர்வதுதான் பெரிய லாபம். கூடுதலாகக் குறையும் எடை முதல் ஆபரேஷன் மாதிரி இருக்காது. அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இல்லை.

நெஞ்செரிச்சலும் இல்லை, இரைப்பையின் அமைப்பிலும் குறை இல்லை, எடை மட்டும் ஏறியிருக்கிறது என்பவருக்கு மறு ஆபரேஷனை நான் கடைசியில்தான் வைப்பேன். ஏற்கெனவே வெட்டித் தைத்த இடத்தில் சதை ஒட்டிக்கிடக்கும்; கசிவு, ரத்தப்போக்கு போன்ற ஆபத்து முதல்முறையைவிட அதிகம். குடலில் அதிக நீளத்தை ஒதுக்கும் வகைகளில் எடை நன்றாகக் குறையும், கூடவே புரதமும் இரும்பும் கொழுப்பில் கரையும் வைட்டமின்களும் உடம்பில் சேராமல் போகும். வாழ்நாள் முழுக்க மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் தவறக் கூடாது. முதல் ஆபரேஷனுக்குப் பிறகே செக்கப்புக்குப் போகாமல் விட்டவர் அந்த வகையைத் தேர்ந்தெடுப்பது ஆபத்து. படகு வேலை, வலை இழுக்கிற வேலை செய்பவர்கள் உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக் போடுவது சகஜம். பைபாஸ் வகை எதற்குப் பிறகும் அந்த வலி மாத்திரைகளும் பீடி சிகரெட்டும் இணைப்பில் புண் உண்டாக்கும், ரத்தம் கக்க வைக்கும்.

முதல் சந்திப்பிலேயே, சாப்பாட்டை விசாரிக்காமல், எண்டோஸ்கோபி பார்க்காமல், மறு ஆபரேஷனுக்குத் தேதி கொடுக்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள். வேறொரு டாக்டரிடமும் கேளுங்கள்.

மதினிக்கு எண்டோஸ்கோபியில் இரைப்பை பெரிதாக விரியவில்லை, நெஞ்செரிச்சலும் இல்லை. பி12 குறைந்திருந்தது. அதனால் மூன்று மாதம் சாப்பாட்டு ஒழுங்கும் பி12 ஊசியும், அதில் போதாவிட்டால் செமாகுளுடைட், மறு ஆபரேஷன் பேச்சே வேண்டாம் என்று டாக்டரோடு பேசி முடிவு செய்தோம். அண்ணன் விசைப்படகில் போகிறவர் என்பதால் தடைக்கால மாதங்களுக்கான ஊசிச் செலவை முன்பே ஒதுக்க முடிந்தால்தான் தொடங்குவது என்றும் பேசிக்கொண்டோம்.

எந்த வழியில் போனாலும் ஒரு விஷயத்தை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். ஊசியாலோ மறு ஆபரேஷனாலோ நாள் கணக்கில் வாந்தி நிற்காவிட்டால் உடம்பில் தயாமின் என்ற வைட்டமின் பி1 தீர்ந்துபோகும். அந்த நிலையில் பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகும், நினைவு குழம்பும். குளுக்கோஸுக்கு முன் தயாமின் ஊசி போட வேண்டும் என்று நீங்களே சொல்ல வேண்டியிருக்கும், ஏனென்றால் உங்களுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனது அங்கே யாருக்கும் தெரியாது. உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டைப் படமெடுத்து உங்கள் போனிலும் வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். என்ன வகை ஆபரேஷன், எந்த வருடம், இப்போது போடும் ஊசியின் பெயர், அளவு எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு நாளுக்கு மேல் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் கிளினிக்கில் காத்திருக்காமல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.